வண்ணம் பூசிய உருப்போடல்

ஆழ்வார்திருநகரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளியில் தந்த அச்சிட்ட செயல்பாட்டுத் தாளைக் காட்டினான். மொகஞ்சதாரோ பெருங்குளத்துக்கு வண்ணம் தீட்டி, கோடிட்ட இடங்களை நிரப்பி, முழு மதிப்பெண் பெற்றிருந்தான். அருகிலுள்ள ஆதிச்சநல்லூரைக் கண்டதுண்டா என்றேன். பேருந்திலிருந்து பெயர்ப்பலகையைக் கண்டதோடு சரியாம்! 1876இல் ஜெர்மானியரான யாகோர் தேடிவந்து தோண்டிய பரம்பு அது.

அன்பர்களே, தாளை நான் பழிக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தெழுதிய எங்கள் காலத்தினும் இது மேல். எனினும், விடையை முன்பே முடிவுசெய்துவிட்டுக் கேட்பது எவ்வாறு செயல்பாடாகும்? (நம் மறைக்கல்வித் தேர்வுத் தாளும் விதிவிலக்கன்று.)

ஆசிரியப் பெருமக்களே, ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள்: 'பரம்பில் நின்று ஆற்றையும் வயலையும் வரைந்து வா. முன்னோர் தாழிகளை விளைநிலத்தில் அன்றி இக்கற்றரையில் புதைத்தது ஏன்?' கீழே கோடு வேண்டாம். முழுப் பக்கத்தையும் வெறுமையாக விடுங்கள்.