எடைக்கல் இல்லாத வாணிபம்

துறைமுகத்திலே மூட்டை இறங்குகிறது. சுங்க அதிகாரி வருகிறார். எண்ணுகிறார், எடை போடுகிறார், மதிப்பிடுகிறார், ஏட்டிலே குறிக்கிறார். பருத்தி மூட்டையானாலும் சரி, தோல் கட்டானாலும் சரி, அவர் கண்ணுக்குத் தப்புவது கடினம். ஆனால், தோழர்களே, மூட்டையாகக் கட்ட முடியாத சரக்கு ஒன்றும் உலகிலே விலைபோகிறது! கணிப்பொறியிலே கணக்கெழுதும் திறமை, நோயாளியைப் பேணும் கனிவு, இரும்பைப் பற்றவைக்கும் பழக்கம் ஆகியவையே அந்தச் சரக்கு. அது கம்பி வழியே கடல் கடக்கிறது. அல்லது உழைப்பாளியின் உடலோடு விமானம் ஏறுகிறது. அதற்குச் சுங்கச் சாவடி இல்லை, எடைக்கல்லும் இல்லை. சேவை வாணிபம் என்று அதற்குப் பெயர்.

எடைக்கல் இல்லாத வாணிபத்திலே கணக்கு எப்படி இருக்கும்? ஒரு சான்று காட்டுகிறோம்.

2003-ஆம் ஆண்டு. கணிப்பொறிப் பணிகளையும் அலுவலகப் பணிகளையும் இந்தியா அமெரிக்காவுக்கு விற்றது. எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று இந்தியக் கணக்கைக் கேட்டால், சுமார் 870 கோடி டாலர் என்றது. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று அமெரிக்கக் கணக்கைக் கேட்டால், 42 கோடி டாலர் என்றது! விற்றவன் 20 ரூபாய் என்கிறான். வாங்கியவன் ஒரு ரூபாய் என்கிறான்! இடையிலே இருந்த 19 ரூபாய் எங்கே போயிற்று? காக்கை கொத்திற்றா, கடல் கொண்டதா?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2005-ஆம் ஆண்டிலே இதை ஆராய்ந்தது. திருட்டு ஏதும் நடக்கவில்லை. இரு நாட்டாரும் வெவ்வேறு அளவுகோல் கொண்டு அளந்தனர் என்று கண்டது. அமெரிக்கா சென்று பணிபுரிந்த இந்தியர் பெற்ற ஊதியத்தை இந்தியா தன் ஏற்றுமதியிலே சேர்த்தது. ஓராண்டுக்கு மேல் தங்கியவரை அமெரிக்கா தன் நாட்டில் வாழ்பவராகவே கருதி விட்டுவிட்டது. கணிப்பொறிக்குள் பதிந்து வந்த மென்பொருளை ஒருவர் சேவை என்றார். மற்றவர் பண்டம் என்றார். அமெரிக்க நிறுவனங்களுக்கு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கிளைகளிலே விற்றதையும் இந்தியா கூட்டிக்கொண்டது. தாய் நிறுவனமும் கிளையும் தமக்குள் நடத்திய கொடுக்கல் வாங்கலை நாடுவாரியாக, பணிவாரியாகப் பிரித்துக் காட்டும் ஏடு அப்போது அமெரிக்காவிடம் இருக்கவில்லை. வாங்கியோர் அனைவரையும் தேடிக் கண்டுபிடித்துக் கேட்கவும் அதனால் முடியவில்லை.

குறை ஒரு பக்கத்தில் மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். மாற்றான் தவற்றைச் சுட்டும்போது நம் பக்கத்துத் தவற்றை மூடி மறைப்பது நேர்மையாகாது.

ஏழை நாட்டுக் கணக்குத்தானே இப்படிக் குழம்பியிருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு இன்னொரு விந்தையைக் கூறுகிறோம். பிரிட்டனும் அமெரிக்காவும் செல்வச் செருக்குள்ள நாடுகள், புள்ளிவிவரத்திலே புலிகள். சேவை வாணிபத்திலே அமெரிக்காவிடம் எமக்கு உபரி என்று பிரிட்டன் எழுதியது. பிரிட்டனிடம் எமக்கு உபரி என்று அமெரிக்கா எழுதியது. சீட்டாட்டத்திலே இருவர் மட்டும் ஆடி இருவருமே வென்றதாகக் கூறினால் நம்புவீரா? ஜெர்சி, கெர்ன்சி போன்ற தீவுகளைப் பிரிட்டனோடு சேர்த்து எண்ணுவதா, விட்டுவிடுவதா என்பதிலேகூட அவர்களுக்குள் வேறுபாடு!

“இதெல்லாம் பண்டிதர் பேச்சு, ஆலையிலே வேலை செய்பவனுக்கு இதனால் என்ன?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பற்றவைப்புத் தொழிலாளி ஒருவன் வளைகுடா நாட்டுக்குச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்திய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் எடுத்து அவனை அழைத்துச் சென்றால், அவன் உழைப்பு சேவை ஏற்றுமதி. அந்நாட்டு முதலாளியே அவனை நேராக வேலைக்கு அமர்த்தி, அவன் ஓராண்டுக்குள் திரும்பிவிட்டால், அது ஊழியர் ஊதியம் என்ற வேறொரு பத்தியிலே ஏறும். ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால், அவன் அந்நாட்டில் வாழ்பவனாகக் கருதப்படுவான். வீட்டுக்கு அவன் அனுப்பும் பணம் உறவினருக்குக் கொடுக்கும் கொடை போல எழுதப்படும். அதே வெயில், அதே நெருப்பு, அதே வியர்வை! ஏட்டிலே மட்டும் மூன்று பெயர்! உழைத்துச் சம்பாதித்தது கொடைப் பத்தியிலே போய் அமர்கிறது.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. 1995-இல் நடைமுறைக்கு வந்த சேவை வாணிப ஒப்பந்தம் நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டியது: சேவை எல்லை தாண்டிச் செல்வது, வாங்குபவர் நாடு தாண்டி வருவது, நிறுவனம் அயல்நாட்டிலே கிளை அமைப்பது, மனிதர் நேரில் சென்று பணிபுரிவது. ஐக்கிய நாடுகள் அவையும் பன்னாட்டு நாணய நிதியமும் பிற அமைப்புகளும் கூடி, இதை அளக்கும் முறைபற்றி 2002-இல் கையேடு வெளியிட்டன, 2010-இல் திருத்தின. நாணய நிதியத்தின் கணக்கு நூலும் 2025-இல் ஏழாம் பதிப்பு கண்டது. நூல் இருக்கிறது, அதன்படி எல்லா நாடுகளும் அளக்கின்றனவா என்பதே கேள்வி.

உலக வாணிப நிறுவனம் நான்கு வழிகளையும் மதிப்பிட்டு 2019-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2017-இல் நடந்த சேவை வாணிபம் 13.3 இலட்சம் கோடி டாலர்! அதிலே ஏறக்குறைய 60 விழுக்காடு, அயல்நாட்டுக் கிளைகள் மூலம் நடந்தது. மனிதர் நேரில் சென்று புரிந்த பணியோ 3 விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் கடல் கடக்க வாசல் அகலத் திறந்திருக்கிறது. உழைப்பு கடக்கவோ சன்னல் இடுக்கு! இதைச் சொல்லுவதற்கே நமக்குக் கணக்கு தேவைப்படுகிறது. ஒப்பந்தம் பேச அமரும்போது, கையிலே எண் உள்ளவன் உரிமையோடு கேட்கிறான். எண் இல்லாதவன் இரந்து நிற்கிறான்.

ஆகவே நாம் கோருவது இவை. சேவை விற்கும் நிறுவனங்களிடம், எவ்வளவு விற்றீர் என்பதோடு எவ்வழியே விற்றீர் என்றும் கேட்க வேண்டும். மென்பொருள் ஏற்றுமதிக்கு ரிசர்வ் வங்கி இவ்விதம் கேட்டு வெளியிடுகிறது. மருத்துவம், கட்டுமானம், கல்வி என்று ஏனைய துறைகளிலும் அம்முறை பரவட்டும். பெரிய நிறுவனங்களை மட்டும் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே அயல்நாட்டாருக்குப் பணி செய்து கூலி பெறும் இளைஞனை விட்டுவிடக் கூடாது. விற்ற நாடும் வாங்கிய நாடும் ஆண்டுதோறும் ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தை வெளியிட வேண்டும். கடல் கடந்து உழைப்பவர் எத்தனை பேர், என்ன பணி, எத்தனை திங்கள் என்ற கணக்கு தனியே வேண்டும்.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும்! மூட்டையை எண்ணச் சுங்கச் சாவடி கட்டியவர்கள், மனிதனின் உழைப்பை எண்ணச் சில காசு செலவிட்டால் கருவூலம் வற்றிவிடாது. வாணிப இரகசியம் வெளியாகும் என்பார்கள். தனி நிறுவனத்தின் பெயரை மறைத்து, மொத்தத்தை மட்டும் வெளியிடுவது புள்ளிவிவரத் துறையினருக்குப் பழகிய முறைதான்.

வாரக் கூலியிலே மேஸ்திரி அரைநாள் குறைத்து எழுதினால், அன்று மாலையே ஆலை வாசலில் நின்று, “என் நாளைக் கணக்கிலே எழுது” என்று கேட்கிறான் தொழிலாளி. அதே கேள்வியைத்தான் அரசுகளைப் பார்த்து நாம் கேட்கிறோம்: அவன் உழைத்தது உண்மை, அதை உள்ளபடி எழுத ஏன் தயக்கம்?