குத்துமதிப்பான கதவு எண்ணை வரைபடத்தில் எப்படிப் பதிவது?

கேள்வி: அஸ்தம்பட்டி உழவர் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகக் காய்கறி கொடுக்கிறோம். அந்தத் தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியத் தொடங்கியுள்ளோம். ஒரு தெருவில் முதல், கடைசிக் கதவு எண்கள்தான் தெரியும். இடையில் உள்ளவற்றைக் குத்துமதிப்பாகப் போடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: போடலாம். ஆனால், அது குத்துமதிப்பு என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

2004-இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் பொதுமக்களே பதிந்து வளர்க்கும் இந்த வரைபடத்தில் இதற்கு வழி உண்டு. இரு முனை வீடுகளின் எண்களைக் குறித்து, இடையே ‘இன்டர்போலேஷன்’ கோடு வரைய வேண்டும். அந்தப் பக்கம் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா, எல்லா எண்ணுமா என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முனை 2, மறுமுனை 42 என்றால், 22-ஆம் எண்ணைத் தேடுபவருக்குக் கணினி கோட்டின் நடுவைக் காட்டும்.

வீடுகள் கயிறு பிடித்து நட்ட நாற்று அல்ல. நடுவில் காலிமனையோ கல்யாண மண்டபமோ இருந்தால் 22 பல வீடுகள் தள்ளிப்போகும். காய்கறிக் கூடை தவறினால் திரும்பி வரலாம்; அதே வரைபடத்தை நம்பி ஆம்புலன்ஸ் வந்தால் தாமதம் உயிர்ப் பிரச்சினை.

எனவே கோட்டின் தரத்தையும் பதியுங்கள். எல்லா எண்களையும் நேரில் பார்த்திருந்தால் ‘ஆக்சுவல்’. சிலவற்றை மட்டும் பார்த்திருந்தால் ‘எஸ்டிமேட்’. சில வீடுகளே உள்ள தெருவுக்கு முழு எண் வரிசையையும் கொடுத்தால் ‘பொட்டென்ஷியல்’. கண்மதிப்பில் சொல்லும் மகசூலும், அறுவடைப் பரிசோதனையில் எடை போட்ட மகசூலும் ஒன்றல்லவே!

செய்ய வேண்டியவை:

1. ஒருமுறை தெருவில் நடந்து, பத்து வீட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று என எண்களைப் பார்த்துப் பதியுங்கள். கோடு குறுகக் குறுகப் பிழையும் குறையும்.

2. பாகம் பிரித்த 12/1, 12ஏ போன்ற வீடுகளைத் தனிப் புள்ளியாக வையுங்கள்.

3. பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். சர்வே எண் கதவு எண் ஆகாது.

4. கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக் கூடாது. உரிமம் இடம் தராது. வீட்டுக்காரர் பெயர், கைப்பேசி எண்ணும் வேண்டாம்.

5. எண்ணே இல்லாத காட்டுக் கொட்டாய்க்கு எண் கற்பிக்காதீர்கள். அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின், சுமார் 4 மீட்டர் சதுரத்துக்கு ஒரு 10 எழுத்துக் குறியீடு தருகிறது. வழி கேட்பவருக்கு அதைக் கொடுக்கலாம்.