விமானியாக ஒரே ஒரு வாய்ப்பு போதுமா?

டேராடூனில் நடந்த விமானப் படைத் தேர்வில், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார் அப்துல் கலாம். எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். அந்தக் கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்றைய இளைஞர்கள் வடிகட்டப்படும் இன்னோர் இடத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

‘சிபிஎஸ்எஸ்’ எனப்படும் கணினிவழித் தேர்வுதான் அது. பழைய ‘பிஏபிடி’ தேர்வுக்கு மாற்றாக டிஆர்டிஓ ஆய்வகங்கள் உருவாக்கியது. இத்தகைய சோதனைகளில், திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் புள்ளியை ஜாய்ஸ்டிக்காலும் கால் பெடல்களாலும் கட்டுக்குள் வைக்க வேண்டும்; இடையிடையே எழும் ஒளிக்கும் ஓசைக்கும் உடனே எதிர்வினை காட்ட வேண்டும். இதில் தோற்றவர், விமானம் ஓட்டும் பிரிவுக்கு வாழ்நாளில் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. தரைப் பணிப் பிரிவுகள் மட்டுமே மிஞ்சும்.

இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. பழகப் பழக மதிப்பெண் கூடும். திறன் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. பழக்கத்தைத் திறனென்று நம்பி ஒருவரைப் போர் விமானத்தில் ஏற்றினால், பணயம் வைக்கப்படுவது அவருடைய உயிர். ஆனால், பழக்கம் இப்போதே விலைக்குக் கிடைக்கிறது. மாதிரிக் கருவிகளில் பயிற்சி தருவதாகத் தனியார் மையங்கள் விளம்பரம் செய்கின்றன. நான் வசிக்கும் திருமழிசையில், சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவரை எண்ணிப் பாருங்கள். ஹேண்டில்பாரில் இடது கையை முன்னே தள்ளினால் வண்டி வலப்புறம் திரும்பும். விமானத்திலோ இடது பெடலை அழுத்தினால் மூக்கு இடப்புறம் திரும்பும். உடலில் ஊறிய பழக்கத்தை அவர் தேர்வறையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பணம் உள்ளவர் அதை முன்பே மாற்றிக்கொண்டு வருகிறார்.

அமெரிக்க விமானப் படையின் ‘டிபாஸ்’ தேர்வைச் சில மாத இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதலாம். (அங்கே பறந்த மணிநேரங்களும் கணக்கில் சேர்வது வசதி படைத்தவர்களுக்கே சாதகம் என்பது வேறு விஷயம்.) நமக்கோ ஆள் பற்றாக்குறை. 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை, 2021 இறுதியில் 596 ஆனது என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை. பயிற்சி விமானங்களின் குறைபாடுகளும் இதற்குக் காரணம்தான். அதற்காகத் தேர்வு விதியை மறுபரிசீலனைக்கு அப்பாற்பட்டதாகக் கருத முடியாது.

ஓராண்டு இடைவெளியில் இரண்டாம் வாய்ப்பு தரலாம். இரு மதிப்பெண்களையும் சேர்த்தே எடைபோடலாம். அதற்கும் முன்பாக, பழகுவதற்கான மென்பொருளை விமானப் படையே இலவசமாக வெளியிட வேண்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுகளில் ஜாய்ஸ்டிக்கும் பெடலும் பொருத்திய சில கணினிகளை வைப்பதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.