பத்து டாலர் விளம்பரம் சொல்லாத கதை

அமெரிக்காவில் தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பல, 1870ஆம் ஆண்டில் வந்து முட்டி நிற்கின்றன. அடிமைகளாக இருந்தோர் அனைவரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர் சொல்லிப் பதிவுசெய்தது அந்த ஆண்டில்தான். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைக்கோ பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டுமே.

அதற்கும் முன்னே செல்ல உதவுபவை பழைய நாளிதழ்களின் சிறு அறிவிப்புகள். ஆனால் அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது என்கிறேன் நான். வரலாறு படிக்கும் மாணவியான எனக்கு அதைப் புரிய வைத்தது ஓனா ஜட்ஜின் வாழ்க்கை.

1796 மே மாதம் பிலடெல்பியா நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. அதிபர் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் ஓடிவிட்டாள், பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்றது அது. அந்த அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன். முகத்துப் புள்ளிகள், கறுத்த கண்கள், மெலிந்த உடல்வாகு, வயது சுமார் இருபது என அடையாளங்கள் வரிசையாக இருந்தன. ஒரு குடும்பப் படம்கூட இவ்வளவு சொல்லாது. கூடவே, அவள் ஓடிப்போக எந்தக் காரணமும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

அங்கேதான் நாம் நிற்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார்? அவளைத் தங்கள் உடைமையாகக் கருதியவர்கள். காரணத்தை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த தடயம் நியூ ஹாம்ப்ஷியரில் கிடைக்கிறது. 1797 ஜனவரியில் கடலோடியான ஜாக் ஸ்டெயின்ஸை அவர் மணந்த செய்தி உள்ளூர் நாளிதழில் வெளியானது. பிலடெல்பியாவில் தேடப்பட்டவர், இங்கே மணமகள்!

பிறகு 1845, 1847ஆம் ஆண்டுகளில், மூதாட்டியான அவரது பேட்டிகள் அடிமைமுறையை எதிர்த்த இதழ்களில் வெளிவந்தன. அதிபரின் மனைவி மார்த்தா, தம் பேத்திக்கு அவரைக் கொடுத்துவிட எண்ணியிருந்தார். அது தெரிந்ததும் ஓனா கப்பலேறினார். அந்தக் கப்பல் தலைவருக்கு ஆபத்து வரக் கூடாது என்று, அவர் இறக்கும்வரை பெயரை வெளியிடவில்லை. ஓடிவந்ததற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். ஆயினும், 1848இல் இறக்கும்போதுகூடச் சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடிய அடிமைதான்.

முதல் விளம்பரத்துடன் தேடலை நிறுத்தியிருந்தால், காரணமே இல்லாமல் ஓடிய பணிப்பெண்ணாகத்தான் அவர் நம் குறிப்பேட்டில் இருந்திருப்பார்.

இன்று பழைய நாளிதழ்கள் மின்னிலக்க வடிவில் வந்துவிட்டன. பெயரைத் தட்டினால் நொடியில் பக்கம் திறக்கிறது. கிடைத்த முதல் துணுக்கை வெட்டி ஒப்படைப்பில் ஒட்டிவிடுவது எளிது. மாணவ நண்பர்களே, அதற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? இதனால் அவருக்கு என்ன லாபம்? இதில் பேசப்படும் மனிதர், தம் வாயால் பேசிய பக்கம் வேறெங்காவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்க நாளாகலாம். ஓனாவின் விளம்பரத்துக்கும் முதல் பேட்டிக்கும் இடையே 49 ஆண்டுகள் இருந்தன.