பேரி மரம் பிழைக்குமா?

ஆடி, ஆவணி மாதங்களில் கொடைக்கானலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாலை ஓரக் கடைகளில் பேரிக்காய் குவிந்து கிடக்கும். கடித்தால் "நறுக்" என்று இருக்கும். சாறு வடியும்.

பேரியில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஐரோப்பியப் பேரியைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்கவேண்டும். பழுத்தால் வெண்ணெய் போலக் குழையும். சீனா, ஜப்பான் நாடுகளின் ஆசியப் பேரியோ மரத்திலேயே பழுக்கும். பழுத்த பிறகும் மொறுமொறுப்பு போகாது.

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில், பீட்டர் கீபர் என்பவரின் தோட்டத்தில் இந்த இரண்டு குடும்பமும் கலந்து ஒரு மரம் முளைத்தது. அதுதான் "கீபர்" ரகம். நம் மலைகளுக்கு ஏற்றவை என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ரகங்களில் நாட்டுப் பேரியோடு கீபரும் இருக்கிறது.

மரத்துக்கும் தூக்கம்

பேரி மரம் பனிக்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அந்தத் தூக்கத்துக்குக் குளிர் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் குளிர்ந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ரகங்கள் சிலவற்றுக்கு ஆயிரம் மணி நேரம் வேண்டும். கீபருக்கு அதில் பாதி கூட வேண்டாம்.

குளிர் குறைந்தால் பூ ஒன்றாகப் பூக்காது. காயும் குறையும். அதனால்தான் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காய்க்கும் மரம், கீழே வத்தலக்குண்டில் காய்ப்பதில்லை.

இரண்டு பகை

இன்று உலகமே சூடேறி வருகிறது. மலையில் குளிர் குறைந்தால் முதலில் தவிப்பது பேரிதான்.

இன்னொரு பகை, நிலத்தின் விலை. 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றமே அப்படி உத்தரவிடும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. விடுதி கட்டினால் கிடைக்கும் பணம் காய் விற்றுக் கிடைக்குமா?

வெட்டலாமா?

வெட்ட ஒரு மணி நேரம் போதும். புதிய ஒட்டுக்கன்று காய்க்க 4, 5 ஆண்டுகள் ஆகும். பழைய மரத்தின் காய் பிடிக்கவில்லையா? வெட்டாதீர்கள். அதன் கிளைகளிலேயே நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.

மலையில் வீட்டுத் தோட்டம் உள்ளவர்கள் இரண்டு ரகங்களை அருகருகே வையுங்கள். தேனீக்கள் மகரந்தத்தை மாற்றினால்தான் பேரி நன்றாகக் காய்க்கும். கிளைகளில் உள்ள குட்டை முளைகளைக் கவாத்தில் கழிக்காதீர்கள். அவைதான் ஆண்டுதோறும் பூ விடும்.

குளிரைக் காப்பது ஒரு வீட்டாரால் ஆகிற காரியம் அல்ல. நிற்கிற மரத்தைக் காப்பது ஆகும்.