மூத்தவர் வழிவிட வேண்டியதில்லை

"முப்பது தாண்டியும் மட்டையைக் கீழே வைக்காவிட்டால், சின்னப் பிள்ளைகள் எப்போது முன்னுக்கு வருவது?" பீடோங்கின் ஒட்டுக்கடைகளிலும் தமிழ்ப்பள்ளித் திடலோரத்திலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களும் சரிதானே என்று தலையாட்டுகிறார்கள். விளையாட்டு இளையவர்களின் சொத்து, வயதானவர் அதில் நீடித்தால் அடுத்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இது தவறு. தவறு மட்டுமல்ல, நம் பிள்ளைகளுக்கே கேடு செய்யும் எண்ணம்.

இதற்குச் சான்று தேடி விம்பிள்டன் வரை போக வேண்டாம். பக்கத்துச் சுங்கைப் பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியத்தின் கதையே போதும். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் ஸ்குவாஷ் இறுதியாட்டத்தில் மோதிய இருவருமே மலேசியர்கள். ஒரு பக்கம் 19 வயது சிவசங்கரி. மறுபக்கம் பினாங்கின் நிக்கோல் டேவிட், வயது 35. நிக்கோல் தன் முதல் ஆசியத் தங்கத்தை வென்றது 1998 டிசம்பரில், பாங்காக்கில். அப்போது சிவசங்கரி பிறக்கவே இல்லை.

அந்த ஆட்டம் ஐந்து செட் வரை போனது. மூன்று செட் முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தவர் இளையவர். நான்காவது செட்டை நிக்கோல் 12-10 என்று மயிரிழையில் மீட்டார். ஐந்தாவதை 11-3 என்று முடித்தார். களைத்துப் போக வேண்டிய வயதில் இருந்தவர், கடைசிச் செட்டில்தான் தெளிவாக ஆடினார். எட்டு உலகப் பட்டங்களும், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து வகித்த உலக முதலிடமும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்: எப்போது ஓடுவது, எப்போது எதிராளியை ஓடவிடுவது.

இப்போது கேட்கிறேன். "வழிவிடட்டும்" என்பவர்கள் சொன்னபடி நிக்கோல் முப்பதிலேயே விலகியிருந்தால், சிவசங்கரிக்கு அன்றைக்கே தங்கம் கிடைத்திருக்கலாம். ஆனால் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை எதிர்த்து ஐந்து செட் போராடிய பாடம் கிடைத்திருக்குமா? 2022இல் சாலை விபத்தில் அடிபட்டு, அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டியையே இழந்தவர் சிவசங்கரி. மீண்டு வந்து 2023இல் ஹாங்சோவில் அதே ஆசியத் தங்கத்தை வென்றார். மறு ஆண்டு லண்டனில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை இறுதியாட்டத்தில் வீழ்த்திப் பட்டம் எடுத்தார். மூத்தவர் நின்று ஆடியதால் இளையவர் அழிந்துவிடவில்லை, உரம் பெற்றார்.

இது ஸ்குவாஷுக்கு மட்டும் உரியதல்ல. அதே 2018இல் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியின் இறுதியில் 35 வயது லீ சோங் வெய், 23 வயது கென்டோ மொமோட்டாவை நேர் செட்களில் வென்று பன்னிரண்டாவது முறையாகப் பட்டம் பெற்றார். தோற்ற மொமோட்டா அடுத்த மாதமே உலக வெற்றியாளர் ஆனார். சென்னையின் சரத் கமல் 2006 மெல்பர்ன் காமன்வெல்த்தில் மேசைப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றவர். பதினாறு ஆண்டு கழித்து, 2022இல் பர்மிங்காமில், 40 வயதில் அதையே மறுபடி வென்றார். டென்னிஸில் நோவாக் ஜோகோவிச் 37 வயதில் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்துக்கு மோதியது 21 வயது கார்லோஸ் அல்கராஸோடு. இரண்டு செட்டும் டைபிரேக் வரை போயின. இரண்டையும் எடுத்தவர் மூத்தவர்.

உடல் தளரும் என்பதை நான் மறுக்கவில்லை. முப்பதுக்குப் பின் கால் வேகம் குறையும், அடிபட்டால் ஆற நாளாகும். 1974 விம்பிள்டன் இறுதியில் 39 வயது கென் ரோஸ்வால், 21 வயது ஜிம்மி கானர்ஸிடம் படுதோல்வி கண்டார். ஆனால் வேகம் ஒன்றே ஆட்டம் என்று யார் சொன்னது? தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும்: வேகமாகச் சீவுபவரின் கத்தி மரத்தைக் காயப்படுத்தும், பழகிய கை பட்டையை மட்டும் சீவிப் பாலை எடுக்கும். எதிராளியின் தோளும் மணிக்கட்டும் திரும்பும் விதத்திலேயே பந்து போகும் இடத்தைக் கணிக்கும் கண், ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடித்தான் வரும். போதாததற்கு இன்று உடற்பயிற்சி, உணவு, ஓய்வு எல்லாவற்றுக்கும் துறை அறிந்தவர்கள் துணை நிற்கிறார்கள். போட்டிகளைத் தேர்ந்தெடுத்து ஆடவும் மூத்தவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

யார் போக வேண்டிய நேரம் எது என்பதை எதிராளியின் மட்டை தீர்மானிக்கட்டும். திடலுக்கு வெளியே நின்று பிறந்த தேதியைக் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

இந்த எண்ணத்தால் நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். எஸ்பிஎம் எழுதியதோடு பையன் காற்பந்துக் காலணியைக் கழற்றுகிறான்; "இன்னுமா விளையாட்டு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். திருமணமானால் பெண் பூப்பந்து மட்டையைத் தொடுவதே இல்லை. தோட்டங்கள் கலைந்து மக்கள் பட்டணத்துக்கும் தாமானுக்கும் பெயர்ந்தபோது திடல்கள் பலவற்றை இழந்தோம். அந்தத் திடல்களில் வளர்ந்த ஆட்டக்காரர்களையும் இப்போது வயதைக் காட்டி வீட்டில் உட்கார வைக்கிறோம். விளைவு என்ன? நம் பிள்ளைகள் தங்களைப் போன்ற பிள்ளைகளோடு மட்டுமே ஆடுகிறார்கள். மாவட்டப் போட்டியில் வென்றதும் அதுவே உச்சம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆகவே பெற்றோரே, பயிற்சியாளர்களே, முன்னாள் மாணவர் சங்கத்தாரே, ஒரு வேண்டுகோள். நாற்பது வயதிலும் நன்றாக ஆடுகிறவர் உங்கள் தாமானில் இருந்தால், அவரைப் பரிசு கொடுக்க மேடைக்கு மட்டும் அழைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எதிரே களத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகள் தோற்கட்டும், மறுபடி தோற்கட்டும். அவரை வெல்லும் நாளில் உங்கள் பிள்ளை உண்மையிலேயே வளர்ந்திருக்கும்.