மேற்பார்வை என்பது கணக்கெடுப்பா?

'சமூகப்பணி' என்றதும் நம்மில் பலருக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம்தான் நினைவுக்கு வரும். ஒரு வாரம் தெருவைத் தூய்மை செய்வோம், மரக்கன்று நடுவோம், கடைசி நாள் கலைநிகழ்ச்சி நடத்திவிட்டு ஊர் திரும்புவோம். அதையே வாழ்க்கைத் தொழிலாக ஏற்றவர்களின் பாடு வேறு. அதை நான் என் அக்காவிடம் கண்டேன்.

அக்கா சமூகப்பணியில் முதுகலை முடித்து, குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பொங்கலுக்கு வந்தவள் சரியாக உண்ணவில்லை; உறங்கவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகே வாய் திறந்தாள். தந்தையிடம் அடிபட்ட சிறுமி ஒருத்தியை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு அவள் அறிக்கை எழுதினாளாம். "நான் எழுதியது சரியா, தவறா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை" என்றாள்.

"மேலதிகாரி இல்லையா?" என்றேன்.

"இருக்கிறார். எத்தனை வீடு பார்த்தாய், எத்தனை படிவம் நிரப்பினாய் என்று கேட்பார்."

படிக்கும்போது அவளுக்கு இந்த நிலை இல்லை. வாரந்தோறும் பேராசிரியர் அவளுடைய களப்பணி அறிக்கையை வரி வரியாகப் படிப்பார். "அந்தத் தாய் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்பார். பட்டம் பெற்றதும் அந்தத் துணை அறுந்துவிட்டது. பயிற்சியில் இருந்த கைப்பிடி, உண்மையான ஆபத்து வரும்போது இல்லை. என்ன விந்தை!

அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் கதுஷின் 1976-இல் வெளியிட்ட நூலில் மேற்பார்வைக்கு நிர்வாகம், கற்பித்தல், தாங்குதல் என மூன்று கடமைகளை வகுத்தார். அக்காவுக்குக் கிடைத்தது முதலாவது மட்டுமே.

மற்ற இரண்டும் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இலண்டன் சான்று. 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்த்தவர்களின் கொடுமையால் மாண்டாள். அவள் நலனைக் கவனித்தவர் அனுபவம் குறைந்த இளம் பணியாளர். லார்டு லாமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. அது பணியாளரின் தவறுகளை மறைக்கவில்லை; அவருக்குத் தக்க மேற்பார்வை கிடைக்காததையும், மேலிருந்தோரின் பொறுப்பையும் சேர்த்தே சுட்டியது. 2012-இல் இங்கிலாந்தில் புதிய பணியாளருக்கென முதலாண்டுத் திட்டம் ஒன்று வந்தது. முதல் ஆறு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, ஆறு மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை மேற்பார்வைச் சந்திப்பு வேண்டும் என அது விதித்தது.

"ஆளே போதாத இடத்தில் உட்கார்ந்து பேச நேரம் ஏது?" என்பர் சிலர். மனம் உடைந்தவர் வேலையை விட்டுப் போனால் ஆள் இன்னும் குறையுமே! அனுபவம் மிக்க ஒருவர் இரு வாரத்துக்கு ஒருமணி நேரம் ஒதுக்கினால் போதும். அவர் பதவி உயர்வுக்குக் குறிப்பு எழுதுபவராக இருக்கலாகாது என்பது என் துணிபு. அச்சம் உள்ள இடத்தில் யாரும் தம் தவறைச் சொல்லமாட்டார். சொல்லப்படாத தவறு குழந்தையின் தலையில்தான் விடியும்.

நாடாளும் அரசனுக்கே 'பெரியாரைத் துணைக்கோடல்' வேண்டும் என்று வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். ஒரு குழந்தையின் வாழ்வைக் கையில் ஏந்தித் தனியே நிற்கும் இளம் பணியாளருக்கு அது வேண்டாமா? நாளை அதிகாரிகளாக அமரப் போகும் மாணவ நண்பர்களே, உங்களுக்குக் கீழே பணிபுரிபவரிடம் "எத்தனை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன கண்டாய்? உனக்கு எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.